ஆறு கிலோ பைப்பும் அறுபது மீட்டர் ஆழமும்

மொட்டைமாடி டேங்க்குலேர்ந்து பாத்ரூமுக்கு இறங்கி வர்ற பி.வி.சி. பைப்பை யாராவது என்னிக்காவது நின்னு பார்த்திருக்கோமா? ஒழுகினாதான் அதுக்கு மரியாதை. ஆனா உலகத்துல நிறைய பேர் இந்தப் பைப்பை அறுத்து, ஒட்டி, ரெண்டு பக்கமும் மூடி போட்டு, உள்ள கேமரா, பேட்டரி எல்லாம் வெச்சு தண்ணிக்கு அடியில அனுப்பிக்கிட்டு இருக்காங்க. வீட்டுல செஞ்ச நீர்மூழ்கி. ஆள் உட்கார்ந்து போறது இல்லை, கேபிள் கட்டி கரையிலேர்ந்து ஓட்டற ரோபோ.

இந்த விஷயத்தை நோண்ட ஆரம்பிச்சா 1858 வரைக்கும் இழுத்துட்டுப் போயிடுச்சு. நடுவுல ஒரு நீராவி பாய்லர், ஒரு பெட்ரோல் டேங்க், நாலு ஸ்கூல் பசங்க, கடைசியில ஒரு பெரிய விபத்து. கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. ஹார்டுவேர் கடையில போய் நாலு இஞ்சு பைப் கேட்டா, "நாலு கிலோவா, ஆறு கிலோவா, பத்து கிலோவா?"ன்னு கேப்பாங்க. பைப்போட எடை இல்லை அது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும்ங்கறது. தண்ணிக்குள்ள ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கூடும். அப்ப ஆறு கிலோ பைப்பை ரெண்டு பக்கமும் மூடி கடலுக்குள்ள விட்டா 60 மீட்டர் வரைக்கும் போகணும் இல்லையா?

போகாதுங்க. அதுல பாதிகூடப் போகாது.

பைப் மேல அச்சடிச்சிருக்கற நம்பர் பொய் இல்லை. ஆனா அது வேற கேள்விக்கான பதில். உள்ளேயிருந்து வெளியே தள்ளற அழுத்தத்தை எவ்வளவு தாங்கும்ங்கறதுதான் அது. கடல் வெளியேயிருந்து உள்ளே அமுக்குது. ரெண்டும் ஒரே கிலோதான், ஆனா பைப்புக்கு ரெண்டும் ஒண்ணு இல்லை.

ஏன்னு புரிய ஒரு கயிறையும் ஒரு தென்னங்குச்சியையும் நினைச்சுக்கங்க. கயிறு கோணல்மாணலா இருந்தாலும் ரெண்டு பக்கமும் இழுத்தா நேராயிடும். இழுக்க இழுக்க கோணல் குறையும். குச்சியை ரெண்டு முனையிலயும் பிடிச்சு அமுக்கினா? லேசா ஒரு பக்கம் வளைஞ்சிருந்தா போதும், அமுக்க அமுக்க அந்த வளைவு பெருசாகி படக்குனு ஒடியும். பைப்பும் அப்படித்தான். உள்ளே அழுத்தம் இருந்தா பைப்போட சுவர் இழுபடும். லேசா முட்டை வடிவத்துல இருந்தாக்கூட அழுத்தமே அதை வட்டமாக்கிடும். வெளியேயிருந்து அமுக்கினா அந்த லேசான முட்டை வடிவம்தான் எமன். அழுத்தம் கூடக் கூட அது இன்னும் சப்பையாகும், சப்பையாக ஆக பலம் இன்னும் குறையும், ஒரு கட்டத்துல மொத்தமா உள்ளே மடிஞ்சுடும். பிளாஸ்டிக் உடையறதுக்கு வேண்டிய அழுத்தம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே உருவம் தோத்துடும்.

இதை முதல்ல ஒழுங்கா சோதிச்சுப் பார்த்தவர் வில்லியம் ஃபேர்பேர்ன். ஸ்காட்லாந்துல 1789-ல பிறந்து, மான்செஸ்டர்ல தொழிற்சாலை வெச்சு நடத்தினவர். மனுஷன் கடலுக்காக இதைச் செய்யலை. அவருக்கு பாய்லர்தான் பிரச்சினை. லங்காஷயர் பாய்லர்னு மெக்கானிக்கல் படிச்சவங்க கேள்விப்பட்டிருப்பீங்க. அதுக்கு 1844-ல ஹெதரிங்டன்ங்கறவரோட சேர்ந்து காப்புரிமை வாங்கினவர் இவர்தான். பெரிய உருளை, அதுக்குள்ள ரெண்டு குழாய். குழாய்க்குள்ள நெருப்பு எரியும், சுத்தி வெளியே தண்ணியும் நீராவியும். யோசிச்சுப் பாருங்க, அந்தக் குழாயோட நிலைமை நீர்மூழ்கியோட நிலைமையேதான். வெளியே அழுத்தம், உள்ளே வெறும் காத்தும் புகையும்.

அந்தக் காலத்துல பாய்லர் வெடிச்சு ஆள் சாகறது இங்கிலாந்துல சர்வசாதாரணம். வெளி உருளை கிழியறது ஒரு வகை. உள்குழாய் நசுங்கறது இன்னொரு வகை. ஆனா உள்குழாயோட நீளம் அதோட பலத்தை பாதிக்கும்னு யாரும் பெருசா நினைக்கலை. ஃபேர்பேர்ன் மெல்லிய இரும்புத் தகட்டுல விதவிதமான நீளத்துலயும் விட்டத்துலயும் குழாய் செஞ்சார். ஒவ்வொண்ணையும் ஒரு கெட்டியான வார்ப்பிரும்பு உருளைக்குள்ள வெச்சு, சுத்தி தண்ணியை பம்ப் பண்ணி, எந்த அழுத்தத்துல நசுங்குதுன்னு பார்த்து எழுதினார். 1858-ல ராயல் சொசைட்டியில வெளியான அந்தக் கட்டுரையோட சாரம் இதுதான்: குழாய் நீளமாக ஆக பலம் குறையும், விட்டம் கூடினா பலம் குறையும், ஆனா சுவரோட கனத்தைக் கொஞ்சம் கூட்டினாக்கூட பலம் எக்கச்சக்கமா ஏறும்.

மருந்தும் அவரே சொன்னார். நீளக் குழாய்க்கு நடுநடுவே கனமான வளையம் போடுங்க, நீளக் குழாய் பல குட்டிக் குழாய் மாதிரி ஆயிடும். இன்னிக்கு எந்த ராணுவ நீர்மூழ்கியோட உடம்பைத் திறந்து பார்த்தாலும் விலா எலும்பு மாதிரி வரிசையா வளையம் இருக்கும். பாய்லருக்குப் போட்ட வைத்தியம் கடலுக்குப் போயிடுச்சு.

அப்புறம் கணக்கு வாத்தியார்கள் வந்தாங்க. நீளம் ஒரு எல்லையைத் தாண்டிட்டா அதுக்கப்புறம் நீளத்தால பெரிய வித்தியாசம் இல்லை. அந்த மாதிரி நீளமான மெல்லிய குழாய்க்கு 1888-ல ஜார்ஜ் பிரையன் சூத்திரம் கண்டுபிடிச்சார். முனையில மூடி, வளையம் இருக்கற குட்டைக் குழாய்க்கு 1914-ல ரிச்சர்ட் ஃபான் மீசஸ் ஒரு சூத்திரம் கொடுத்தார். பிரையனோட சூத்திரத்துல நமக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம்: சுவரோட கனத்தை விட்டத்தால வகுத்து, வர்றதை மும்மடி பண்ணணும். கனத்தை ரெண்டு மடங்காக்கினா வெளி அழுத்தம் தாங்கற சக்தி எட்டு மடங்கு. உள்ளழுத்தத்துக்கு அதே ரெண்டு மடங்கு கனம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு பலம்தான் கொடுக்கும்.

இப்ப நம்ம கடை பைப்புக்கு வருவோம். 110 மி.மீ. வெளிவிட்டம், ஆறு கிலோ. சுவர் சுமார் 3.7 மி.மீ. இருக்கும். கணக்குல போட்டா 25 மீட்டர் ஆழத்துலயே நசுங்கும்னு வருது. அதே விட்டத்துல பத்து கிலோ பைப், சுவர் சுமார் 6 மி.மீ. கணக்குப்படி நூறு மீட்டரைத் தொடுது! கடைக்காரர் கிலோ கணக்குல ஆறிலிருந்து பத்துதான். கடல் கணக்குல நாலு மடங்கு.

உடனே பத்து கிலோ பைப்பைத் தூக்கிக்கிட்டு மெரினாவுக்குக் கிளம்பிடாதீங்க. கடைக்காரர் சொல்ற நம்பர்ல பாதுகாப்புக்கான இடைவெளி ஏற்கெனவே இருக்கு. நான் மேலே சொன்னது நசுங்கற எல்லை, அதுவும் பைப் கச்சிதமான வட்டமா இருந்தா. நிஜ பைப் அப்படி இருக்காது. வெயில்ல அடுக்கி வெச்சிருந்தா அடியில இருக்கறது சப்பையாகியிருக்கும். பி.வி.சி. சூட்டுல இளகும், ரொம்ப நேரம் அமுக்கிக்கிட்டே இருந்தா மெதுமெதுவா வளைஞ்சு கொடுக்கும். மூணால வகுத்துக்கறது புத்திசாலித்தனம். அப்படிப் பார்த்தா ஆறு கிலோ பைப் எட்டு மீட்டர், பத்து கிலோ பைப் முப்பத்தஞ்சு மீட்டர். போர்வெல்லுக்கு கேசிங் பைப்னு தனியா, தனி ஐ.எஸ்.ஐ. தரத்தோட விக்கறாங்களே, அதுலயும் இந்த சமாச்சாரம் இருக்கு. அங்கேயும் மண்ணும் தண்ணியும் வெளியேயிருந்துதான் அமுக்குது.

பைப் தப்பிச்சாலும் மூடி இருக்கு. நாலு இஞ்சு வட்ட மூடி மேல 10 மீட்டர்ல நூறு கிலோ பாரம் உட்காரும். நூறு மீட்டர்ல ஒரு டன். தட்டையான மூடியா இருந்தா நடுவுல குழிஞ்சு ஓரத்துல ஓ-ரிங் விலகும். வீட்டுல செய்யறவங்களோட பெட்டி பெரும்பாலும் தோக்கறது பைப்புலயே இல்லை. மூடியிலயும், ஒயர் வெளியே வர்ற ஓட்டையிலயும்தான்.

சரி, இந்த பி.வி.சி. எங்கேயிருந்து வந்துச்சு? 1872-ல ஆய்கன் பௌமன்ங்கற ஜெர்மன்காரர் வினைல் குளோரைடு வெச்சிருந்த கண்ணாடிக் குடுவை வெயில் பட்டதுல வெள்ளையா என்னமோ படிஞ்சிருக்கறதைப் பார்த்தார். அதுதான். ரொம்ப வருஷம் யாருக்கும் அதை வெச்சு என்ன பண்றதுன்னே தெரியலை. 1926-ல குட்ரிச் கம்பெனியில வால்டோ செமன் அதை இளக வைக்கற வழியைக் கண்டுபிடிச்சார். 1930-கள்ல ஜெர்மனியில பைப்பா வந்து, ரெண்டாம் உலகப்போருக்குப் பிறகு உலகம் பூரா பரவிடுச்சு. வீட்டுல நீர்மூழ்கி செய்யறவங்களுக்கு இது வரப்பிரசாதம். ஒழுங்கான வட்டம், எங்கேயும் ஒரே அளவு, துரு இல்லை, ஹாக்ஸா பிளேடு இருந்தா போதும், எல்போ, டி, எண்ட் கேப் எல்லாம் ரெடிமேடு, சொல்யூஷன் தடவினா ஒட்டிக்கும். வெல்டிங் வேணாம், லேத் வேணாம்.

1997-ல ஹாரி போம், விக்கி ஜென்சன் ரெண்டு பேரும் சேர்ந்து, நீங்களே நீரடி ரோபோ செய்யுங்கங்கற மாதிரி ஒரு புத்தகம் போட்டாங்க. அதுல வந்த சீ பெர்ச்ங்கற குட்டி ரோபோவுக்கு உடம்பு பி.வி.சி. பைப். 2003-ல மாசாசூசெட்ஸ் எம்.ஐ.டி.யோட சீ கிராண்ட் திட்டம் இதைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டு போச்சு. (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லீங்க :-)) அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் மோட்டார். சாதாரண பொம்மை மோட்டார், போட்டோ ஃபிலிம் ரோல் வர்ற டப்பாக்குள்ள வெச்சு, சுத்தி உருகின மெழுகை ஊத்திடறது. அவ்வளவுதான் வாட்டர் ப்ரூஃப்.

ஏன் இது வேலை செய்யுது? டப்பாக்குள்ள காத்துக்கு இடம் இல்லை. காத்து இல்லேன்னா நசுங்கறதுக்கும் ஒண்ணும் இல்லை. அழுத்தத்தோட மல்லுக்கு நிக்கறதுக்குப் பதிலா உள்ளேயும் வெளியேயும் சமமாக்கிடறது. பைப் சட்டத்துல அங்கங்கே ஓட்டை போட்டு தண்ணியை உள்ளே விடறதும் இதேதான்.

இந்தத் தந்திரத்தோட உச்சம் ட்ரியெஸ்ட். 1960 ஜனவரி 23-ம் தேதி ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் கடலோட ஆழமான இடத்துக்கு, கிட்டத்தட்ட 10,900 மீட்டருக்கு, இறங்கின கலம். போட்டோவுல பார்த்தா நீளமா பெரிய கப்பல் மாதிரி தெரியும். அதுல பெரும்பகுதி மெல்லிய தகட்டுல செஞ்ச பெட்ரோல் டேங்க். தண்ணியை விட லேசுங்கறதால மிதக்கறதுக்கு பெட்ரோல். டேங்க்கோட அடிப்பக்கம் கடலுக்குத் திறந்தே இருக்கும், அதனால நசுங்காது. மனுஷங்க இருந்தது கீழே தொங்கின ஒரு இரும்பு உருண்டையில. க்ருப் கம்பெனி செஞ்சது, சுவர் 12.7 சென்டிமீட்டர். தவிர்க்கவே முடியாத இடத்துல மட்டும் எதிர்த்து நில்லு, மத்த இடத்துல எல்லாம் கடலோட சமாதானமாப் போயிடு. அந்த எதிர்த்து நிக்கற இடத்துக்கும் உருளை இல்லை, உருண்டை. சென்னை என்.ஐ.ஓ.டி.யோட மத்ஸ்யா 6000-க்கும் ஆள் உட்கார்றது 2.1 மீட்டர் டைட்டானியம் உருண்டைதான்.

இப்ப நாலு பசங்க கதை. அமெரிக்காவுல அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸ் நகரத்துல கார்ல் ஹேடன்னு ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. சுத்தி பாலைவனம், கடல் பல நூறு கிலோமீட்டர் தள்ளி. அங்கே படிச்ச கிறிஸ்டியன் அர்செகா, லொரென்சோ சான்டியான், லூயிஸ் அராண்டா, ஆஸ்கர் வாஸ்கெஸ் நாலு பேரும் மெக்சிகோவுலேர்ந்து சின்ன வயசுல வந்தவங்க. ஒருத்தர்கிட்டயும் குடியேறினதுக்கான காகிதம் கிடையாது. ஃப்ரெடி லாஜ்வர்டி, ஆலன் கேமரூன்னு ரெண்டு வாத்தியார்கள் இவங்களை 2004-ல நீரடி ரோபோ போட்டிக்குத் தயார் பண்ணினாங்க. ஜெயிப்போம்னு யாரும் நினைக்கலை. அதனால, எப்படியும் தோக்கப் போறோம், தோக்கறதை பெரிய ஆளுங்ககிட்டயே தோப்போம்னு காலேஜ் பிரிவுல பேர் கொடுத்தாங்க. அந்தப் பிரிவுல எம்.ஐ.டி.யும் இருந்துச்சு, எக்ஸான்மொபில் ஆதரவோட.

பசங்க ஊரெல்லாம் கேட்டு சேர்த்த பணம் சுமார் 800 டாலர். உடம்புக்கு பி.வி.சி. பைப். பைப்பை அடைச்சு, உள்ளே இருக்கற காத்தையே மிதவையா வெச்சுக்கிட்டாங்க. நீச்சல்குள ஆழத்துல அழுத்தம் கம்மி, பைப்புக்கு அது கொசுக்கடி. ஒட்டின பசையோட நாத்தம் தாங்காம ரோபோவுக்கு 'ஸ்டிங்கி'ன்னே பேர் வெச்சுட்டாங்க. எலெக்ட்ரானிக்ஸுக்குத் தண்ணி புகாத ஒரு பிளாஸ்டிக் சூட்கேஸ் மாதிரி பெட்டி. கேபிள் வழியா கரன்ட் அனுப்பாம பேட்டரியையும் ரோபோவுலயே ஏத்தினாங்க.

கலிஃபோர்னியாவுல சான்டா பார்பரா, ஜூன் 2004. போட்டிக்கு முன்னாடி தண்ணியில விட்டா பெட்டிக்குள்ள கசியுது. புதுப் பெட்டி செய்ய நேரம் இல்லை. கசியறதை உறிஞ்ச ஏதாவது வேணும், சின்னதா இருக்கணும், நிறைய குடிக்கணும். தீர்வு: மாதவிடாய்க்குப் பெண்கள் பயன்படுத்தற டாம்பான். லொரென்சோ கூச்சத்தோட கடைக்குப் போய், அங்கே இருந்த ஒரு பெண்மணிகிட்ட எது நல்லா உறிஞ்சும்னு கேட்டு வாங்கிட்டு வந்தான். பெட்டிக்குள்ள அடைச்சாங்க. வேலை செஞ்சுது.

மொத்தப் புள்ளியில முதலிடம் கார்ல் ஹேடன். எம்.ஐ.டி. ரெண்டாவது. டிசைனுக்கும் தொழில்நுட்ப அறிக்கைக்கும் சேர்த்து பரிசு. வயர்டு பத்திரிகையில 2005-ல ஜோஷுவா டேவிஸ் எழுதினப்புறம்தான் உலகத்துக்குத் தெரிஞ்சுது. 2015-ல சினிமாவாவும் வந்துச்சு.

சினிமா முடியற இடத்துல வாழ்க்கை முடியலை. 2006-ல அரிசோனாவுல வந்த ஒரு சட்டம், காகிதம் இல்லாத மாணவர்களுக்கு உள்ளூர் கட்டணச் சலுகை கிடையாதுன்னு சொல்லிடுச்சு. கிறிஸ்டியன் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில விட்டான். லொரென்சோவும் லூயிஸும் சமையல் தொழிலுக்குப் போனாங்க. ஆஸ்கர் 2009-ல மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடிச்சான். முடிச்ச கையோட, முறைப்படி விசா வாங்கணும்னு தானாவே மெக்சிகோவுக்குத் திரும்பினான். பத்து வருஷம் வரக்கூடாதுன்னு தடை போட்டாங்க. ஒரு செனட்டர் தலையிட்டு 2010-ல தடை நீங்கி, திரும்பி வந்து, ராணுவத்துல சேர்ந்து ஆப்கானிஸ்தான் போனான். அமெரிக்கக் குடியுரிமை கிடைச்சுது.

எம்.ஐ.டி.யை ஜெயிச்ச நாலு பேர்ல இன்ஜினீயர் பட்டம் வாங்கினது ஒருத்தன். இதுக்கு எந்தச் சூத்திரமும் என்கிட்ட இல்லைங்க.

கடைசியா அந்த விபத்து. 2023 ஜூன் 18. டைட்டானிக் கிடக்கற 3,800 மீட்டர் ஆழத்துக்குப் போன டைட்டன் நசுங்கி அஞ்சு பேர் செத்துப்போனாங்க. ஆள் உட்கார்ற பகுதி கார்பன் ஃபைபர் உருளை. சுவர் அஞ்சு இஞ்சு, அதாவது அதே 12.7 சென்டிமீட்டர். எதிர்த்து நிக்கற இடத்துக்கு உருண்டையை விட்டுட்டு உருளை, இழுத்தா பிரமாதமா தாங்கற, அமுக்கினா அந்த அளவுக்குத் தாங்காத பொருள். எந்தத் தர அமைப்போட சான்றிதழும் கிடையாது. தவிர்த்திருக்கக் கூடிய விபத்து, வடிவமைப்பும் சோதனையும் போதாதுன்னு 2025-ல அமெரிக்க கடலோரக் காவல்படை அறிக்கை சொல்லுச்சு.

ஃபேர்பேர்ன் செஞ்சது என்ன? குழாயை நசுங்கற வரைக்கும் நசுக்கிப் பார்த்து, எழுதி, ஊருக்குச் சொன்னார். அவர் நசுக்கின குழாய்க்குள்ள ஆள் இல்லை. வீட்டுல பைப் ஒட்டற பசங்களும் அதையேதான் செய்யறாங்க. காலிப் பெட்டியை முதல்ல கயித்துல கட்டி இறக்கி, ராத்திரி பூரா ஊறவிட்டு, எடுத்து உள்ளே டிஷ்யூ பேப்பர் ஈரமான்னு பார்க்கறாங்க. ஈரமா இருந்தா திரும்ப ஒட்டறாங்க. பெரிய கம்பெனியோ சின்னப் பையனோ, கடல் அந்த ஒரு சோதனையைத்தான் மதிக்குது.

அடுத்த தடவை கடையில "ஆறு கிலோ"ன்னு யாராவது சொன்னா, எந்தப் பக்கத்துலேர்ந்துன்னு ஒரு கேள்வி மனசுல வரட்டும். சிவில், மெக்கானிக்கல் மக்கள் யாராவது போர்வெல் கேசிங் நசுங்கி நேர்ல பார்த்திருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, எத்தனை அடியில, எந்த பைப்னு. கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

டிஸ்கி: மேலே இருக்கற ஆழக் கணக்கெல்லாம் பேப்பர்ல போட்டது. உங்க பைப்பை நீங்கதான் சோதிக்கணும். முக்கியமா, தண்ணி புகுந்த மூடின பெட்டியை ஆழத்துலேர்ந்து எடுத்த உடனே முகத்துக்கு நேரா வெச்சுத் திறக்காதீங்க. உள்ளே மாட்டின அழுத்தம் மூடியைத் தூக்கி அடிக்கும். இந்தத் தடவை அது உள்ளேயிருந்து வெளியே!